துணியா ஃப்ளெக்ஸா, துணி என்றால் எந்த அச்சு?

கண்காட்சி ஸ்டாலுக்கோ கடை முகப்புக்கோ பெரிதாக ஒரு டிஸ்ப்ளே செய்ய வேண்டும் என்று நாலு பிரிண்டிங்காரர்களிடம் விசாரித்துப் பாருங்கள், நாலு விதமான பதில் வரும். ஒருவர் சப்ளிமேஷன்தான் சரி என்பார். இன்னொருவர் யுவி என்பார். மூன்றாமவர் லேடெக்ஸ் இருக்கும்போது வேறெதற்கு என்று கேட்பார். மூன்றுமே அச்சடிக்கும் முறைகள், விவரம் கீழே வருகிறது. நாலாமவர் ‘ஃப்ளெக்ஸ் அடிச்சுடலாம், யாரு கிட்ட வந்து பார்க்கப் போறாங்க’ என்று பேச்சை முடித்துவிடுவார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவரிடம் எந்த மிஷின் ஓடுகிறதோ அதற்குத் தோதான பதில் வருகிறது.

அதனால் மிஷினிலிருந்து தொடங்க வேண்டாம், வேறு முனையிலிருந்து பிடிப்போம். அச்சடித்து முடித்த பிறகு அந்த டிஸ்ப்ளே என்ன பாடு படப்போகிறது? ஒருமுறை மாட்டிவிட்டு அப்படியே விடப்போகிறீர்களா, இல்லை மடித்துப் பையில் போட்டு இடம் இடமாக எடுத்துப்போய் விரித்துக் கட்டப்போகிறீர்களா? வெளிச்சம் முன்னாலிருந்து விழுமா, பின்னாலிருந்து வருமா? வெயில் படுமா, காற்று அடிக்குமா? பார்க்கிறவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பாரா, சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பாரா? இதற்கெல்லாம் ஒரு தாளில் பதில் எழுதிவிட்டால் பாதித் தேர்வு தானாக முடிந்துவிடும். மற்றது மை எங்கே போய் உட்காருகிறது என்பதைப் பொறுத்தது.

மை இழைக்குள்ளா, மேலேயா?

சப்ளிமேஷனில் பயன்படுவது டிஸ்பர்ஸ் வகைச் சாயம். ஏறக்குறைய 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் சூட்டில் இது உருகித் திரவமாகாமல் திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறது. அதே சூட்டில் பாலியஸ்டர் இழையும் உள்ளுக்குள் நெகிழ்ந்து கொடுக்கிறது. ஆவியான சாயம் இழைக்குள் புகுந்துகொள்ள, துணி ஆறியதும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மேலே படலம் எதுவும் இல்லை. அச்சு இருக்கும் இடத்தையும் இல்லாத இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் வித்தியாசம் தெரியாது.

யுவி, லேடெக்ஸ், சால்வென்ட் மூன்றும் வேறு ஜாதி. யுவி மையைப் புற ஊதா விளக்கொளி பட்டவுடன் அங்கேயே கெட்டியாக்குகிறார்கள். லேடெக்ஸ் என்பது தண்ணீரில் கலந்த பிசின் துகளும் வண்ணத் துகளும், சூடு பட்டதும் தண்ணீர் போய்ப் பிசின் மட்டும் படலமாகப் படிகிறது. ஃப்ளெக்ஸ் அடிக்கப் பெரும்பாலும் பயன்படும் சால்வென்ட் மை, பிவிசி பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்துப் பிடித்துக்கொள்ளும். வழி எதுவானாலும் வண்ணம் நிற்பது மேலேதான். துணியில் அடித்தால் இழைகளுக்கு மேல் ஒரு மெல்லிய தோல் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் பாடப்புத்தக விவரம் இல்லை. கையகலத் துணித்துண்டு இரண்டு கேளுங்கள், ஒன்று சப்ளிமேஷன், ஒன்று யுவி, இரண்டிலும் ஒரே அடர் நீலமோ கறுப்போ முழுக்க நிரப்பிய அச்சு. இரண்டையும் நான்காக மடித்து, மடிப்பின் மேல் நகத்தால் அழுத்தி இழுத்துவிட்டு விரித்துப் பாருங்கள். யுவி துண்டில் பெரும்பாலும் மடிப்பு ஓடிய இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே மைப்படலம் உடைந்திருக்கிறது, இனி இஸ்திரி போட்டாலும் அது போகாது. சப்ளிமேஷன் துண்டிலும் சுருக்கம் விழும். ஆனால் அது துணிச் சுருக்கம், நீராவி காட்டினால் போய்விடும். நெகிழும் யுவி மைகளும் வந்திருக்கின்றன, அவை இந்தச் சோதனையில் பரவாயில்லாமல் தேறும். லேடெக்ஸ் இரண்டுக்கும் நடுவில்: உடைவது குறைவு, ஆனால் அடர்ந்த நிறத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம்.

ஆக, மடித்து எடுத்துப்போகும் வேலை என்றால் என் ஓட்டு யோசிக்காமல் சப்ளிமேஷனுக்கு. ஒரே இடத்தில் விறைப்பாக மாட்டி அப்படியே விடுகிற வேலை என்றால் மை மேலே இருப்பதால் ஒன்றும் குடி முழுகிப்போகாது, அப்போது மற்ற விஷயங்களைப் பார்த்து முடிவெடுக்கலாம்.

சப்ளிமேஷன் எங்கே கைவிடும்

நல்லதை மட்டும் சொல்லி விற்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பாலியஸ்டர் இல்லாமல் இது நடக்காது. பருத்தியில் அந்தச் சாயத்துக்குப் பிடி கிடையாது, ஏறியது போலத் தெரிந்தாலும் துவைத்தால் போய்விடும். பருத்தி கேன்வாஸ், லினன் மாதிரி இயற்கை இழைதான் வேண்டும் என்றால் பிக்மென்ட் மை (நிறத் துகளைப் பிசினால் துணியில் ஒட்டவைப்பது), லேடெக்ஸ் என்று வேறு வழிக்குப் போக வேண்டியதுதான். கலப்புத் துணியில் பாலியஸ்டர் இருக்கும் அளவுக்குத்தான் நிறம் ஏறும், மிச்சம் வெளிறித் தெரியும்.

இரண்டாவது, வெள்ளை மை கிடையாது. சாயம் ஒளி ஊடுருவுவது, அடியில் இருக்கும் நிறத்தோடு கலந்துதான் தெரியும். அதனால் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில்தான் அடிக்க முடியும், கறுப்புப் பின்னணி வேண்டுமென்றால் கறுப்பையும் அச்சிட்டே ஆக வேண்டும். கருநிறத் துணியில் வெள்ளை எழுத்து என்றால் யுவியையோ ஸ்கிரீன் பிரிண்டிங்கையோ பாருங்கள்.

மூன்றாவது வெயில். உள்ளரங்கில் வருடக்கணக்கில் பளிச்சென்று நிற்கிற அதே துணி, நேர் வெயிலில் மாதக்கணக்கில் வெளுக்கத் தொடங்கும். சாயத்தில் எந்த வகை என்பதைப் பொறுத்து இது கூடும் குறையும். அதிகச் சூட்டில் ஆவியாகும் ‘ஹை எனர்ஜி’ சாயங்கள் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், எளிதில் ஆவியாகிறவை சீக்கிரம் மங்கும். ‘வெளியில் வைக்கலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘தாராளமா’ என்றுதான் பதில் வரும். எத்தனை மாதம், எந்த மை என்று கேளுங்கள். கொடியாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: வெயில் வெளுப்பதற்கு முன்பே காற்று அதன் ஆடுகிற நுனியைக் கிழித்துவிடும். ஆகவே வெளியில் பறக்கிற கொடியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருளாகவே திட்டமிடுவது நல்லது.

நாலாவதை யாரும் சொல்வதில்லை. துணியில் அழுக்குப் பிடிக்கும். சாப்பாட்டுக் கவுண்டருக்கு முன்னால், குழந்தைகள் கை வைக்கிற உயரத்தில், டீ சிந்துகிற இடத்தில் துணியை மாட்டிவிட்டு அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை. கழற்றித் துவைக்கலாம், உண்மைதான், ஆனால் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது யார் கழற்றுவது? அந்த மாதிரி இடத்துக்கு ஈரத்துணியால் துடைத்துவிடக்கூடிய பிவிசி ஷீட்டான வினைலே மேல்.

டிரான்ஸ்ஃபரா, டைரக்டா?

சப்ளிமேஷன் என்று முடிவு செய்த பிறகும் ஒரு கிளை பிரிகிறது. முதலில் காகிதத்தில் இடவலம் மாற்றி அச்சிட்டு, அந்தக் காகிதத்தைத் துணியோடு சேர்த்துச் சூடான உருளைக்குள் விட்டு நிறத்தைத் துணிக்கு மாற்றுவது டிரான்ஸ்ஃபர். நேரடியாகத் துணியிலேயே அச்சிட்டு அப்புறம் சூடு காட்டிச் சாயத்தை உள்ளே இறக்குவது டைரக்ட். இரண்டிலும் சூடு காட்டும் அந்த உருளை மிஷினைக் கேலண்டர் என்பார்கள்.

கேலண்டர் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இதன் வித்தை புரியும். உள்ளே போகும் காகிதத்தில் படம் சாம்பல் பூத்தது போல் மங்கலாக இருக்கும், சிவப்பு செங்கல் தூள் மாதிரி, கறுப்பு ஏதோ பழைய கரும்பலகை மாதிரி. காகிதமும் துணியும் ஒட்டியபடி உருளையைச் சுற்றி ஒரு நிமிடத்துக்குள் வெளியே வரும், அந்தப் பக்கம் காகிதத்தைப் பிரித்துச் சுருட்டிக்கொள்ள, துணி மட்டும் பளீரென்று வந்து விழும். காகிதத்தில் மிச்சமிருப்பது படத்தின் வெளிறிய சாயல்தான். இடையில் காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து விழுந்துவிடும். காகிதத்தில் ஈரம் ஏறியிருந்தால் திட்டுத்திட்டாக வரும். துணியில் ஒட்டிய தூசியும் பஞ்சும் வெள்ளைப் பகுதியில் நீலப் புள்ளியாக முளைக்கும். மாதிரித் துண்டைக் கையில் வாங்கும்போது இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள், கடையின் சுத்தம் அதிலேயே தெரிந்துவிடும்.

டிரான்ஸ்ஃபரின் பலம் துல்லியம். காகிதத்தில் துளி பரவாமல் நிற்பதால் சின்ன எழுத்து, மெல்லிய கோடு, முகத்தின் மென்மையான நிழல் எல்லாம் கூர்மையாக வரும். இழுபடும் துணிக்கு இதுதான் பாதுகாப்பான வழி, ஏனென்றால் மிஷினுக்குள் இழுபட்டுக் கோணிப்போகும் துணியில் நேரே அச்சிடுவது தலைவலி, காகிதமோ இழுபடாது. பூச்சு இல்லாத சாதாரண பாலியஸ்டரிலும் மாற்றலாம் என்பதால் துணித் தேர்வும் விரிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மீட்டர் காகிதம் குப்பைக்குப் போகிறது என்பது இதன் குறை.

டைரக்டின் பலம் ஊடுருவல். மை துணிக்குள் இறங்குவதால் மறுபக்கமும் நன்றாகத் தெரியும். கொடிக்கு இதுதான் வேண்டும். உள்ளே விளக்கு எரிகிற பின்னொளிப் பெட்டிக்கும் நிறம் ஆழமாக இருப்பது உதவும். காகிதச் செலவு இல்லை, 3.2 மீட்டர், 5 மீட்டர் அகல மிஷின்களும் இருப்பதால் ஒட்டுத்தையல் இல்லாமல் முழுச்சுவரையும் ஒரே துண்டாக எடுக்கலாம். ஆனால் மை பரவாமலிருக்க முன்கூட்டியே பூச்சு கொடுத்த துணி வேண்டும், எழுத்தின் ஓரம் டிரான்ஸ்ஃபர் அளவுக்குக் கத்தரித்தது போல் இருக்காது. எச்பியின் ஸ்டிச் வரிசை போல இரண்டு வழியிலும் ஓடக்கூடிய மிஷின்களும் இருக்கின்றன, அதனால் ‘எந்த மிஷின்’ என்று கேட்டால் ஒன்றும் தெரியாது, ‘என் வேலையை எந்த வழியில் செய்யப்போகிறீர்கள்’ என்றுதான் கேட்க வேண்டும்.

இப்படியெல்லாம் சொன்னாலும், 3 மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற பின்திரைக்கு டிரான்ஸ்ஃபரா டைரக்டா என்று ராத்திரி முழுக்க விழித்து யோசிப்பது வீண். அந்தத் தூரத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த யோசனையைத் துணிக்கும் தையலுக்கும் செலவழியுங்கள், டிஸ்ப்ளே கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

எந்தத் துணி, எப்படி மாட்டுவது

ஒரே படத்தை ஒரே மையில் நாலு துணியில் அடித்தால் நாலு வேறு பொருள் கிடைக்கும். கொடித்துணி என்பது சதுர மீட்டருக்கு 110 கிராம் அளவுள்ள மெல்லிய பின்னல், காற்றில் ஆடுவதற்கென்றே செய்தது. அதை உள்ளரங்கில் சுவரோடு தொங்கவிட்டால் பின்னால் இருப்பதெல்லாம் தெரியும், பார்க்கவும் சீப்பாக இருக்கும். ஸ்ட்ரெச் துணி 220 முதல் 260 கிராம் வரை இருக்கும், குழாய்ச் சட்டத்தின் மேல் தலையணை உறை போல் மாட்டி ஜிப் போடுகிற ஸ்டாண்டுகளுக்கு இதுதான். விறைப்பாக இழுபடுவதால் சுருக்கம் தானே போய்விடும், இஸ்திரிக்கே வேலையில்லை. பின்பக்கம் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ பூச்சு கொடுத்த பிளாக்அவுட் துணி, பின்னாலிருந்து வெளிச்சம் கசிகிற இடத்துக்கு. ஜன்னலுக்கு முன்னால் சாதாரணத் துணியை மாட்டிவிட்டுப் ‘படமே தெரியலையே’ என்று புலம்புகிறவர்களுக்குத் தேவைப்பட்டது இதுதான்.

பின்னொளிப் பெட்டி தனி உலகம். அதற்கான துணி வெளிச்சத்தைப் பரப்ப வேண்டும், உள்ளே இருக்கும் எல்இடி ஒவ்வொன்றும் புள்ளி புள்ளியாகத் தெரியக் கூடாது. நிறமும் சாதாரண அடர்த்தியில் அடித்தால் விளக்கு போட்டதும் வெளிறிவிடும், மை அளவைக் கூட்டித்தான் அச்சிட வேண்டும். அதனால் பின்னொளி வேலையின் மாதிரியை மேஜையில் வைத்துப் பார்த்து ஒப்புக்கொள்ளவே கூடாது, அதே பெட்டியில் மாட்டி விளக்கைப் போட்டுப் பாருங்கள், பிறகு விளக்கை அணைத்தும் பாருங்கள். அணைத்திருக்கும்போது கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாட்டும் முறைகளில் எனக்குப் பிடித்தது சிலிக்கோன் ஓரம் வைத்த அலுமினியச் சட்டம். துணியின் நாலு ஓரத்திலும் சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கோன் பட்டையைத் தைத்துவிடுவார்கள், சட்டத்தில் அதற்கென்று ஒரு பள்ளம் ஓடும். முதலில் நாலு மூலைகளை அழுத்திச் செருகி, பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில், அப்புறம் மிச்சம் என்று கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனால் துணி பறை மாதிரி விறைத்து நிற்கும். சட்டமே கண்ணுக்குத் தெரியாது. அடுத்த தடவை படத்தை மட்டும் மாற்றினால் போதும், சட்டம் அப்படியே இருக்கும். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனால் மட்டும் கடைசி மூலையில் துணி மிஞ்சிக்கொண்டோ பற்றாமலோ நிற்கும்.

இந்தச் சட்டத்துக்கு அளவு மிகச் சரியாக இருக்க வேண்டும், அங்கேதான் சப்ளிமேஷனின் குணம் குறுக்கே வரும். சூட்டில் பாலியஸ்டர் சுருங்கும். 3 மீட்டர் துணி 2 சதவீதம் சுருங்கினால் 6 செ.மீ. காணாமல் போகிறது. அதிலும் நீளவாக்கில் ஒரு அளவு, அகலவாக்கில் ஒரு அளவு. அனுபவமுள்ள கடை ஒவ்வொரு துணிக்கும் இந்தக் கணக்கைக் குறித்து வைத்திருந்து, அச்சிடும் மென்பொருளிலேயே படத்தை அதற்கேற்பப் பெரிதாக்கிவிடும். ‘இந்தத் துணி எவ்வளவு சுருங்கும்?’ என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். எண்ணோடு பதில் வந்தால் நல்ல கடை. ‘அதெல்லாம் சுருங்காதுங்க’ என்றால் வேறு கடை பாருங்கள்.

கொடிகளில் இரட்டைப் பக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஒற்றைத் துணியில் அடித்தால் மறுபக்கம் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பித் தெரியும். இரண்டு பக்கமும் சரியாகப் படிக்க வேண்டும் என்றால் நடுவில் ஒளி மறைக்கும் துணி வைத்து மூன்றடுக்காகத் தைக்க வேண்டும். கனம் கூடிவிடும், லேசான காற்றில் அசையவே அசையாது. லோகோ மட்டும் போட்டு எழுத்தைக் குறைத்துக்கொண்டால் ஒற்றைத் துணியே போதும். என்னைக் கேட்டால் அதுதான் நல்லது.

ஃப்ளெக்ஸையும் மற்றவற்றையும் எப்போது எடுக்கலாம்

துணியைப் புகழ்ந்தே பேசிக்கொண்டிருப்பதால் ஃப்ளெக்ஸ் கேவலம் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் பாலியஸ்டர் வலை, இருபுறமும் பிவிசி. மழையில் நனையும், வெயிலில் காயும், ஓரத்தில் ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடித்துக் கயிறு கட்டினால் வேலை முடிந்தது. உயரத்தில், வெளியில், தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி, ஒரே ஒரு தடவைக்கு என்றால் அதற்கு மேல் செலவழிக்க எந்த நியாயமும் இல்லை. காற்று பலமாக அடிக்கிற இடம் என்றால் மெஷ் வாங்குங்கள், துளைகள் வழியே காற்று போய்விடுவதால் கட்டிய கம்பத்தையே சாய்க்காது.

ஃப்ளெக்ஸ் தோற்கிற இடம் உள்ளரங்கம். பளபளப்பால் விளக்கு மேலே பட்டால் பாதிப் படம் வெள்ளையாகிவிடும், போட்டோ எடுத்தால் இன்னும் மோசம். மேடைப் பின்திரை, பேட்டி எடுக்கிற இடம், வீடியோ ஓடுகிற அரங்கு எதுவானாலும் துணி வையுங்கள், துணி ஒளியைச் சிதறவிடும். அப்புறம் தூக்கிப்போகிற பாடு. 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஒரு திரை, சதுர மீட்டருக்கு 440 கிராம் உள்ள ஃப்ளெக்ஸில் 3.3 கிலோ, 220 கிராம் ஸ்ட்ரெச் துணியில் 1.65 கிலோ. எடை பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஃப்ளெக்ஸை மடித்தால் மடிப்புத் தழும்பு நிற்கும் என்பதால் 2.5 மீட்டர் நீளத்துக்குச் சுருட்டித் தூக்க வேண்டும், துணியோ ஒரு தோள்பையில் அடங்கிவிடும். பார்சலில் அனுப்பிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

லேடெக்ஸ் மிஷினின் வசதி, ஒன்றிலேயே வினைல், வால்பேப்பர், ஃபிலிம், துணி எல்லாம் ஓட்டலாம். வாடை கிடையாது என்பதால் மருத்துவமனை, வகுப்பறை மாதிரி இடங்களுக்கு நல்லது. சுவரில் ஒட்டுவதும் தொங்கவிடும் துணியும் ஒரே நிறத்தில் பொருந்த வேண்டும் என்கிற வேலைக்கு இதைத்தான் எடுப்பேன். துணியில் அடித்தால் தொடும்போது லேசாக மொடமொடப்பாக இருக்கும், மாட்டிய பிறகு யார் தொடப்போகிறார்கள்? யுவி என்றால் பலகை, அட்டை, அக்ரிலிக், கண்ணாடி மாதிரி விறைப்பான பரப்புகள் அதன் சொந்த ஊர். துணிக்கு அதை இழுத்து வருவதற்கு ஒரே நல்ல காரணம், கருநிறத் துணியும் வெள்ளை மையும். இரண்டு மூன்று நிறம் மட்டும் உள்ள ஒரே கொடி ஆயிரக்கணக்கில் வேண்டுமா? ஸ்கிரீன் பிரிண்டிங்கை இன்னும் எதுவும் அடித்துக்கொள்ள முடியாது.

சுற்றுச்சூழல் வாதம் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிகைப்படுத்தப்படுகிறது. வலையும் பிவிசியும் பிணைந்த ஃப்ளெக்ஸை மறுசுழற்சி செய்வது கஷ்டம், அது நிஜம். பாலியஸ்டர் துணி ஒரே பொருள் என்பதால் எளிது என்பார்கள், ஆனால் அதில் பூச்சும் சிலிக்கோன் ஓரமும் இழுபடுவதற்காகச் சேர்க்கும் ஸ்பாண்டெக்ஸ் இழையும் சேர்ந்த பிறகு அவ்வளவு எளிது இல்லை. டிரான்ஸ்ஃபரில் காகிதக் குப்பை வேறு. துணியால் வரும் உண்மையான லாபம், அதே சட்டத்தையும் அதே திரையையும் பல தடவை பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. ஒரு தடவை மாட்டிவிட்டுத் தூக்கி எறிகிற வேலைக்குத் துணி வாங்கினால் அந்த லாபமும் இல்லை.

செலவுக் கணக்கும் இதே மாதிரிதான். சதுர அடி விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஃப்ளெக்ஸ் எப்போதும் ஜெயிக்கும். சட்டம், தையல், போக்குவரத்து, மாட்ட வருகிற ஆளின் கூலி, எத்தனை நிகழ்ச்சிக்கு உழைக்கும் என்பதையெல்லாம் சேர்த்து ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் என்றால் ஃப்ளெக்ஸோ வாடகைச் சட்டமோ போதும். அடிக்கடி கண்காட்சிக்குப் போகிற நிறுவனம் என்றால் சட்டத்தை ஒருமுறை வாங்கிவிட்டுத் துணியை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் மிச்சம்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்

நிறம். திரையில் பார்த்த சிவப்பும் துணியில் வருகிற சிவப்பும் ஒன்றாக இருக்காது, அதிலும் சப்ளிமேஷனில் சூடும் நேரமும் கொஞ்சம் பிசகினால் கறுப்பு பழுப்பாகவோ பச்சையாகவோ சாயும். லோகோவின் நிறம் முக்கியம் என்றால், அதே துணியில், அதே மையில், அதே கேலண்டரில் போட்ட ஒரு முழ நீள மாதிரி கேளுங்கள். காகிதத்தில் எடுத்த மாதிரி அச்சைக் காட்டி ‘இப்படித்தான் வரும்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கோப்பு பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். நிஜ அளவில் அங்குலத்துக்கு 100 முதல் 150 பிக்சல் இருந்தால் பெரிய துணிக்குத் தாராளம், இழையின் சொரசொரப்பே மிச்சத்தை மறைத்துவிடும். எழுத்தையும் லோகோவையும் மட்டும் வெக்டராகவே, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோட்டு வடிவமாகவே கொடுங்கள். ஓரத்தில் தையலுக்கு விட வேண்டிய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முக்கியமான எழுத்தை அங்கிருந்து தள்ளி வையுங்கள்.

தீத்தடுப்புச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்கக் கூடாது. பொது அரங்குகளில் தொங்குகிற துணிக்கு இதைக் கேட்பார்கள். அமெரிக்காவில் என்எஃப்பிஏ 701, ஜெர்மனியில் டின் 4102 பி1, பிரான்சில் எம்1 என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். சான்றிதழ் இல்லாவிட்டால் நிகழ்ச்சி நாள் காலையில் உங்கள் திரையைக் கழற்றச் சொல்லிவிடலாம். அரங்க விதிகளைப் படித்துவிட்டு, எந்தத் தரம் என்று பெயர் சொல்லித் துணிக் கடையில் கேளுங்கள். இழையிலேயே தீத்தடுப்பு உள்ள துணி துவைத்தாலும் அப்படியே இருக்கும். மேலே தெளித்த ரசாயனம் துவைக்கத் துவைக்கப் போய்விடலாம்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. சுத்தமான பைக்குள் வையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்பில் அலசுங்கள், சுருக்கத்துக்கு நீராவி பின்பக்கத்திலிருந்து காட்டுங்கள். கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியை மட்டும் நேரே வைக்காதீர்கள். சாயத்தை உள்ளே அனுப்பியது சூடுதான், அதே சூடு திரும்பவும் பட்டால் அது கிளம்பி அடியில் விரித்த துணிக்கு இடம் மாறப் பார்க்கும். அலுமினியச் சட்டத்தின் வெட்டு முனைகளையும் ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள், பின்னல் துணியில் ஒரு இழை மாட்டினால் கோடாக ஓடிவிடும்.

கடைசியாக, பல துண்டுகள் சேர்ந்த பெரிய சுவர் என்றால் ஒரு துண்டு எப்போதாவது கிழியும் அல்லது கறைபடும், அப்போது அந்த ஒன்றை மட்டும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். துணிச் சுருள் மாறினால் வெள்ளையே கொஞ்சம் மாறும், நிறமும் கூடவே மாறும். எனவே எல்லாத் துண்டுகளையும் ஒரே சுருளில் ஒரே ஓட்டத்தில் அடிக்கச் சொல்லுங்கள். துணியின் பெயர், கிராம் எடை, மை வகை, எந்த வண்ண புரொஃபைல் (மிஷினுக்குக் கொடுத்த நிற அமைப்புக் கோப்பு), உருளையின் சூடு, நேரம் இவற்றை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஓரத்தில் வெட்டிய துண்டு ஒன்றைத் தேதி எழுதி, வெளிச்சம் படாத உறையில் போட்டு வைத்துக்கொண்டால், திரும்ப அடிக்கும்போது நிறம் பார்க்க அதையே நீட்டலாம்.